நாற்பது பெட்டிகளுக்கு ஒரு பெயர்

1.

லைசென்ஸ் விதிகளைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அயல்நாட்டில் சண்டை நடக்கும்போது வெடிமருந்தை யார் அனுப்பலாம், யார் அனுப்பக் கூடாது என்று. மூன்றாவது பத்தியில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டான். கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

2.

1900. தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் காலை வெயில் பொன்னாக— (வேண்டாம். தங்கவயலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே செய்கிற தப்பு.)

ஏனோக், அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கில் கணக்கு எழுதும் ரைட்டர். தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்களுக்கும் போயர்களுக்கும் சண்டை. சர்க்கார் லைசென்ஸ் இல்லாமல் ஒரு டைனமைட் பெட்டிகூடக் கப்பலேறக் கூடாதென்று உத்தரவு. கிடங்குத் துரைக்கோ அங்கே திருட்டுத்தனமாக வாங்க ஒரு வியாபாரி கிடைத்திருந்தான். நாற்பது பெட்டிகளின் மேலும் இங்கிலீஷில் ‘சுரங்கக் கருவிகள்’ என்று எழுதச் சொன்னார். ஏனோக் எழுதினான்.

(முதல் பிரதியில் அவனை மறுக்க வைத்திருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று பிள்ளைக்காரன், துரை சொன்னால் எழுதுவான்.)

3.

ஸ்டேஷனில் பெட்டி ஏற்றும் கூலிப் பெண்களுக்கு மங்கம்மாதான் முன்னால் நிற்பவள். பெட்டியைத் தொடுமுன் கேட்டாள்:

“இதுல இன்னா இருக்குது, ரைட்டரே? கருவின்னா தூக்கிப் போடுவோம். வேற எதுனா இருந்தா சொல்லுங்க.”

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஏனோக்குக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் பதினோரு பெண்கள் நிற்பது தெரிந்தது.

“வெடி,” என்றான். “யாரும் தொடாதீங்க.”

தார் டப்பாவை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் அதையே தமிழிலும் தெலுங்கிலும் எழுதத் தொடங்கினான். முப்பத்திரண்டாவது பெட்டியில் துரையின் ஆள் வந்து கையைப் பிடித்தான். ஏனோக் கையை உதறிக்கொண்டு மிச்சம் எட்டையும் எழுதி முடித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் லைசென்ஸ் கேட்டார்; இல்லை. பெட்டிகள் கிடங்குக்கே திரும்பின. அன்று மாலைக்குள் அவனுக்கு வேலை போயிற்று. மறுவாரம் நந்திதுர்க் சுரங்கத்தில் கூலியாகச் சேர்ந்து, ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறிக் கீழே இறங்கினான்.

4.

துரை மாட்டிக்கொள்கிற முடிவு ஒன்று எழுதினேன். அடித்துவிட்டேன்; அது என் ஆசை. அடிக்கக் கைவராத முடிவு இது: இரண்டு மாதத்தில் சர்க்காரே லைசென்ஸ் கொடுத்துவிடுகிறது. இங்கிலீஷ் பட்டாளத்துக்காம். அதே பெட்டிகள், சரியான பெயரோடு, ஸ்டேஷனுக்கு வருகின்றன.

ஷிப்ட் முடிந்து வரும் ஏனோக்கை மங்கம்மா நிறுத்துகிறாள். “இப்ப எல்லாம் சட்டப்படியாம். நீங்க சொல்லுங்க. தூக்கலாமா, வேணாமா?”

ஏனோக் தயங்கவில்லை. தயங்குவது நான்தான். அவன் பதிலை ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் பேனா ஒரே இடத்தில் நிற்கிறது:

“தூக்க