கரம்பொனில் வைத்த நேர்முகத்தேர்வு

அன்ரனிட்டா என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் விளங்கப்படுத்துவது பெரிய பாடு. "ஏஜென்சியில் வேலை" என்றால் போதும், கரம்பொனில் யாராவது குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, கனடாவுக்கு இப்ப பாதை திறந்து கிடக்கோ?" என்று கேட்பார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களைத்தான் அங்கே ஏஜென்சி என்பது.

"இல்லை அண்ணை. இஞ்சத்தைய கொம்பனிகளுக்குத் தோதான ஆக்களைத் தேடிக் குடுக்கிறது" என்பாள் அவள்.

"ஓ, அதுவோ" என்றுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.

அவளுக்கோ அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. யாழ்ப்பாண நகரில், மருந்துக்கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகள்தான் அலுவலகம். வேலை தேடி வருகிறவர்கள் முதலில் அவளுடைய மேசைக்குத்தான் வருவார்கள். வந்தவுடன் சான்றிதழை நீட்டுவார்கள். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல கதையும். காலமையில எழும்பினால் என்ன செய்வீர்?" என்று கேட்பாள். ஒருவர் தன்னைப்பற்றிச் சொல்லாமல் விடுகிற விசயத்தில்தான் அவருக்கான வேலை இருக்கும் என்பது அவளுடைய அனுபவம்.

அனலைதீவுப் பிரியவதனியை அவள் கண்டுபிடித்ததும் அப்படித்தான். ஹொட்டல் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்திருந்த அந்தப் பெண், கதிரையின் நுனியில் இருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வேலை அனுபவம் ஒன்றும் இல்லை என்றாள்.

"படிச்சு முடிச்சு ஒரு வருசம் என்ன செய்தனீர்?"

"சும்மாதான் அக்கா. நயினாதீவில சித்தியின்ர கடையில நிண்டனான்."

"ஆர் வாறவை கடைக்கு?"

"விகாரைக்கு வாற சனம். எல்லாம் தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வந்து போட் ஏறி வருங்கள். சிங்களத்திலதான் கதைக்க வேணும். சாமான் விக்கிறது, வழி சொல்லுறது, பிள்ளையளைத் துலைச்சிட்டு அழுகிற தாய்மாருக்குத் தேடிக் குடுக்கிறது…"

"இதையோ சும்மா எண்டு சொல்லுறீர்?"

பிரியவதனி முதல்முறையாகச் சிரித்தாள். அன்ரனிட்டா அந்த ஒரு வருடத்தை அவளுடைய விண்ணப்பத்தில் முதல் பந்தியாக எழுதினாள்.

அந்த நாட்களில்தான் நகரில் திறக்கப்போகும் புதிய ஹொட்டல் ஒன்று ஆள் கேட்டு வந்தது. ஏஜென்சியை நடத்துகிற வாகீசனுக்குக் கிடைத்த முதலாவது பெரிய இடம் அது. கொழும்பிலிருந்து ஹொட்டலின் ஆளணி முகாமையாளர் சஞ்சீவன் வந்திருந்தார். மரியாதையான, வேகமாகப் பேசுகிற மனிதர். அன்ரனிட்டா தெரிவுசெய்து வைத்திருந்தவர்களின் விபரங்களைப் புரட்டிக்கொண்டு போனவர், இடையில் நிறுத்தினார்.

"மிஸ், இதில ஏழு பேர் தீவுப்பக்கம். அவங்களை லிஸ்டில இருந்து எடுத்துவிடுங்கோ."

"ஏன் சேர்?"

"காத்தெண்டால் போட் இல்லை, மழையெண்டால் பஸ் இல்லை எண்டுவாங்க. ஹொட்டலில அதெல்லாம் சரிவராது. டவுன் ஆக்களை மட்டும் தாங்கோ."

அன்ரனிட்டாவுக்குக் காது சூடாகியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நானும் தீவுதான் சேர். கரம்பொன். இண்டைக்கு உங்களுக்கு முன்னம் வந்து கதவு திறந்தது நான்தான்."

சஞ்சீவனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "உங்களைச் சொல்லேல்லை மிஸ்" என்று ஏதோ சொன்னார். என்றாலும் தன் பேச்சை மாற்றவில்லை.

அவர் தேநீர் குடிக்கும்போது வாகீசன் அவளை மற்ற அறைக்குக் கூப்பிட்டார்.

"அன்ரனிட்டா, பெரிய இடம். அவையள் கேக்கிற மாதிரிக் குடுத்தால் என்ன?"

"குடுக்கலாம் அண்ணை. ஆனால் அந்த ஏழு பேரையும் இருத்தி வைச்சுக் கதைச்சனான் நான். வேலைக்குச் சரியில்லை எண்டால் நானே அனுப்பமாட்டன். ஊர் சரியில்லை எண்டு அதுகளுக்குச் சொல்ல என்னால ஏலாது."

வாகீசன் சஞ்சீவன் இருந்த பக்கம் கையைக் காட்டி, "அப்ப நீரே அவரோட கதையும். நான் குறுக்க வரமாட்டன்" என்றார்.

அவள் போய்ச் சஞ்சீவனுக்கு முன்னால் இருந்தாள். "டவுன் ஆக்களை இஞ்ச பாருங்கோ சேர். மற்ற ஏழு பேரையும் அவையளின்ர பக்கத்தில வந்து ஒருக்காப் பாருங்கோ. கரம்பொன் சனசமூக நிலையத்தில நான் ஒழுங்கு செய்யிறன். ஒருத்தரும் பிடிக்காட்டி அதுக்குப்பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

ஆள் தெரிவுசெய்கிற வேலையில் இவ்வளவு பிடிவாதத்தை அவர் கண்டிருக்கவில்லைப்போலும். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அடுத்த வாரம் முழுவதும் அன்ரனிட்டா வேலை முடிந்து வந்தபின் அந்த ஏழு பேருடனும் தொலைபேசியில் இருந்தாள். ஊர்காவற்றுறைக் கிளின்ரன், கொழும்பில் ஒரு ஹொட்டலில் சமையற்காரராக இருந்ததாகச் சொல்லியிருந்தான். கிண்டிக் கேட்டபோது, பாத்திரம் கழுவியதாகவும் மரக்கறி வெட்டியதாகவும் ஒத்துக்கொண்டான்.

"அப்ப அதைச் சொல்லும்."

"வெக்கம் அக்கா."

"கழுவினது வெக்கமில்லை. அவர் ரெண்டு கேள்வி கேட்டுப் பிடிச்சாரெண்டால் அதுதான் வெக்கம். அந்தக் குசினியில என்ன பழகினனீர், அதைச் சொல்லும்."

நேர்முகத்தேர்வு நாள் விடியும்போதே காற்றுப் பிடித்துவிட்டது. அனலைதீவுப் படகு ஓடவில்லை என்று ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து தகவல் வந்தது. அன்ரனிட்டா பிரியவதனிக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி போகவேயில்லை.

சஞ்சீவன் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார். சனசமூக நிலையத்தில் வாசிகசாலை மேசையை இழுத்துப்போட்டு, எதிரே ஏழு கதிரைகள் போட்டிருந்தாள். ஆறில் ஆட்கள் இருந்தார்கள். வெறுங் கதிரையையும், வெளியே காற்றில் வளைகிற தென்னைகளையும் அவர் மாறிமாறிப் பார்த்தார்.

"இதைத்தான் மிஸ் நான் சொன்னது."

அவள் முதல் ஆளின் விண்ணப்பத்தை அவருக்கு முன்னால் வைத்தாள். "மற்ற ஆறு பேரையும் தொடங்குவம் சேர்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஆள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓட்டோ வந்து நின்றது. பிரியவதனி இறங்கினாள். சேலை கசங்காமல், தலை கலையாமல், நேற்றே வந்து காத்திருந்தவள் போல அமைதியாக உள்ளே வந்தாள். உண்மையில் நேற்றே வந்திருந்தாள்.

"நேற்று மத்தியானமே கடல் குழம்பத் தொடங்கீற்று அக்கா. இண்டைக்குப் போட் நிக்குமெண்டு தெரியும். பின்னேரப் போட்டில ஏறி வந்து இஞ்ச பக்கத்தில புளியங்கூடலில மாமி வீட்டில நிண்டனான். அங்க கரண்ட் இல்லை, போன் செத்துப்போச்சு."

"ஆர் வரச் சொன்னது?" என்று சஞ்சீவன் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர். இண்டைக்கு இன்ரவியூ எண்டபடியால் வந்தனான்."

"வேலைக்கு எடுத்த பிறகு போட் நிண்டால்?"

"வேலை எண்டால் டவுனில அறை எடுத்திருப்பன் சேர். லீவுக்குத்தான் கடல் வேணும்."

சஞ்சீவன் பேனாவைக் கீழே வைத்தார். திடீரென்று சிங்களத்துக்கு மாறி, பயணப் பெட்டி தொலைந்துவிட்டதென்று கோபப்படுகிற விருந்தினராகக் கத்தத் தொடங்கினார். பிரியவதனி ஒரு கணம் விழித்தாள். பிறகு கடையில் நிற்பதைப்போலவே குரலை இறக்கி, அம்மாவைப் பிரிந்த பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பதமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். பெட்டியின் நிறம் கேட்டாள், குடிக்கத் தண்ணீர் தரவா என்று கேட்டாள். முடிவில் அவரே சிரித்துவிட்டார்.

கிளின்ரனின் முறை வந்தபோது அவன் அன்ரனிட்டாவை ஒருமுறை பார்த்தான். "நான் பாத்திரம் கழுவினனான் சேர். மரக்கறி வெட்டினனான். எந்தக் கறி எந்த நேரம் தட்டுக்குப் போகவேணும் எண்டு நிண்டு பார்த்துப் பழகினனான்" என்றான். சஞ்சீவன் நிமிர்ந்து, அவனோடு நெடுநேரம் கதைத்தார்.

ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. பிரியவதனி வரவேற்பு மேசைக்கு, கிளின்ரன் குசினிக்கு. மற்ற இருவருக்கும் ஏன் இல்லை என்று சஞ்சீவன் காரணம் சொன்னார். இரண்டும் நியாயமான காரணங்கள். அன்ரனிட்டாவே அவர்களைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னாள். அதில் ஒருவருக்கு மாதம் முடியமுன் வேறு இடம் பிடித்தும் கொடுத்தாள்.

காரில் ஏறும்போது சஞ்சீவன், "எங்கட கொம்பனிக்கே வந்துவிடுங்கோ மிஸ். கொழும்பில நல்ல இடம் தரலாம்" என்றார்.

"அங்க வந்தால் உங்களுக்கு மட்டுந்தானே சேர் ஆள் தேடிக் குடுக்கலாம்" என்றாள் அவள். அவர் மறுபடியும் சிரித்தார்.

ஹொட்டல் திறந்து சில மாதங்களுக்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. இன்னும் ஆட்கள் வேண்டுமாம்.

"பிரியவதனி மாதிரி வேணும் மிஸ். தீவுப்பக்க ஆக்களாப் பார்த்துத் தாங்கோ."

அன்ரனிட்டா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். மனது நிறைந்திருந்தது. ஆனாலும் குரல் அலுவலகக் குரலாகவே வந்தது.

"வேலைக்கு ஏற்ற ஆக்களை அனுப்புறன் சேர். எந்த ஊரெண்டு நான் பார்க்கிறேல்லை."

எதிர் மேசையில் கேட்டுக்கொண்டிருந்த வாகீசன் தலையை ஆட்டிக்கொண்டு, "உம்மோட ஏலாது" என்றார். அவருடைய முகத்திலும் பெருமை தெரிந்தது. அன்ரனிட்டா தொலைபேசியை வைத்துவிட்டு, வாசலில் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி தயங்கிக்கொண்டு நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டாள்.

"வாரும், இரும். உந்தச் சான்றிதழுகளை ஒரு பக்கம் வைச்சிட்டு, முதல்ல கதையும்."