மூன்று பால்டின் தண்ணீர்

கையில் திணித்த பேனாவை அகதா மேசைமேல் திரும்ப வைத்தாள். இது மூன்றாவது தடவை. சார்ஜன் சன்னாசி அதை எடுத்து மறுபடி நீட்டுவதற்குள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேசன் வாசலில், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்கும்படி, அவள் புருசன் பெர்னாட் ஒரு பலகைமேல் கிடந்தான். தார்ப்பாய்க்கு வெளியே கால் இரண்டும் தெரிந்தன. காட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவரும் கம்யூனிஸ்டுகளை அப்படித்தான் போட்டுவைப்பார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பலகையைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ள எஸ்டேட்டு சனம் பழகியிருந்தது. நேற்றுச் சாயங்காலம்வரை எஸ்டேட்டின் ஒரே வாடகைக் காரை ஓட்டியவன், இன்றைக்குக் காட்டாட்களுக்குச் சோறு போட்டவனாம். இவன் வீட்டு அரிசிப் பானையை எட்டிப் பார்த்தவன் எவன்?

தாளில் அதுதான் எழுதியிருந்தது. தினமும் ஏழாம் மைலில் காரை நிறுத்தினான், டின்னோடு கால்வாய்ப் பக்கம் இறங்கினான், நேற்று ரோந்துப் படை மூன்று தடவை கூப்பிட்டும் நிற்காமல் போனான், சுட்டார்கள். மனைவியாகிய நான் இதை அறிவேன். கையெழுத்துப் போட்டால் பிணத்தை இப்போதே கொண்டுபோகலாம். போடாவிட்டால் சாயங்காலம் அவர்களே ஏதாவது ஒரு குழியில் தள்ளி மூடிவிடுவார்கள். சாமியாரும் இல்லை, சிலுவையும் இல்லை.

பெர்னாட்டின் அண்ணன் டக்ளஸ், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. இங்கிலீஷ் தெரிந்தவர் என்று துணைக்கு வந்தவர், காலையிலிருந்து வெள்ளைக்காரப் போலீஸ் துரையிடம் தலையாட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. கோயிலில் சாமியார் காத்திருக்கிறார், வெயில் ஏறினால் உடம்பு தாங்காது, போனவன் போய்விட்டான் என்று அவள் காதருகே முணுமுணுத்தார்.

"போட்டுரு அகதா. பேரு போனா போவுது, புள்ளைங்களோட நீ எஸ்டேட்டு லயத்துல குடியிருக்கணுமில்ல."

"பேரு போனா லயத்துல எவன் அத்தான் விடுவான்? அவரு தண்ணி எடுக்கத்தான் நின்னாரு. காருக்குத் தண்ணி."

சன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் காருக்கடியில் படுத்தே பார்த்ததாகச் சொன்னான். ராத்திரி முழுக்க வண்டி இங்கேதான் நின்றிருக்கிறது, கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஒழுகாத காருக்கு என்னத்துக்குத் தண்ணி லா, என்று கேட்டான்.

இதே கேள்வியைப் பெர்னாட்டும் ஆறு மாதம் கேட்டான். கிள்ளானில் ஒரு டாக்ஸிக்காரனிடம் பழசாய் வாங்கிய டீசல் கார் அது. வந்த வாரத்திலிருந்தே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. ராத்திரி வண்டிக்கடியில் பேப்பர் விரித்துவைத்துக் காலையில் தூக்கிப் பார்ப்பான். பேப்பர் காய்ந்தே இருக்கும். குழாயை மாற்றினான், மூடியை மாற்றினான், பம்பைத் தடவித் தடவிப் பார்த்தான். காலையில் பால்டின்னால் அளந்து ஊற்றுவது அகதாவின் வேலை. முதலில் அரை டின் பிடித்தது, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. இந்த மாதம் மூன்று. கடைசியில் குவாலா சிலாங்கூரில் ஒரு சீன மெக்கானிக்தான் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டிச் சொன்னான்: எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் நடுவிலிருக்கும் தகடு வெந்துபோய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்கிப் புகையாய்ப் போகிறது. தலையைக் கழற்றி மாற்ற நாலு நாள் ஆகும். லயத்தில் வேலம்மாவுக்கு மாசம் நிறைந்திருந்தது; ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லை. அவள் பெற்றெடுக்கட்டும், பிறகு பிரிக்கலாம் என்றான் பெர்னாட். நேற்று அவளைக் குவாலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பும் வழியில்தான் சுட்டார்கள்.

அகதா யாரையும் கேட்கவில்லை. நேராக முற்றத்தில் நின்ற காரிடம் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினாள். எண்ணெய்க் கம்பியை உருவிக்கொண்டு வந்து துரையின் மேசையில், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கறுப்பாய் இருக்கவேண்டிய எண்ணெய், தண்ணீர் இறங்கிப் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது.

துரை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவரும் கார் வைத்திருப்பவர்தான் போல. முகத்தில் முதல் தடவையாக ஒரு யோசனை தெரிந்தது.

"கேளுங்க அத்தான். நான் தண்ணி ரொப்புறேன், இவங்க பாக்கட்டும். குவாலா சிலாங்கூருக்குப் போயிட்டு அவரு வந்த வழியிலயே வருவோம். ஏழாம் மைல்ல காரு தண்ணி கேக்கலன்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

டக்ளஸ் தயங்கினார். அவள் பார்த்த பார்வையில் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார்.

மூன்று பால்டின் பிடித்தது. சன்னாசியே எண்ணினான். டக்ளஸ் ஓட்டினார், அகதா முன்னால், துரையும் சன்னாசியும் பின்னால். கிளம்பும்போது வெள்ளைப் புகை பலகை வரைக்கும் போய்க் கலைந்தது. குவாலா சிலாங்கூரைத் தொட்டுத் திரும்பி அசாம் ஜாவாவைக் கடக்கும்போதே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஏழாம் மைலில் அகதா நிறுத்தச் சொன்னாள்.

"எஞ்சின அணைக்காதீங்க. சூட்டுல பச்சத் தண்ணி ஊத்துனா ஓடிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி வெடிச்சிரும். அவரும் அணைக்க மாட்டாரு."

டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சரிவில் புல் மிதிபட்டு ஒரு தடம் இருந்தது. அது யாருடைய கால் என்று அவளுக்குத் தெரியும்; அதிலேயே இறங்கினாள். முன்னால் கால்வாய், அதற்கப்பால் புதர்க்காடு. பின்னால் டீசல் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து டின்னைத் தண்ணீரில் அமிழ்த்தினாள்.

திடீரென்று சத்தம் நின்றது. அணைக்காதே என்றால் அணைக்கிறாரே இந்த மனுசன் என்று எரிச்சலோடு திரும்பினாள்.

துரை ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து, வலது கை இடுப்புத் துப்பாக்கிமேல் இருந்தது. சன்னாசி வாயைப் பிளந்தபடி பக்கத்தில் நின்றான். டக்ளஸ் கார் சாவியைப் பிடித்த கையை எடுக்காமலே அழுதுகொண்டிருந்தார்.

"தொர ஒன்ன மூணு தடவ கூப்பிட்டாரு அகதா. நில்லு நில்லுன்னு மூணு தடவ கத்துனாரு."

அகதா துரையைப் பார்த்தாள். அந்தக் கையையும் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கல. அவருக்கும் கேட்டிருக்காது. சொல்லுங்க அத்தான்."

டக்ளஸ் இந்தத் தடவை தலையாட்டவில்லை. காரிலிருந்து இறங்கி, துரைக்கு எதிரே நின்று, உரக்கவே சொன்னார். துரை துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சற்று நின்றார். பிறகு பையிலிருந்த தாளை எடுத்துக் காரின் மூடிமேல் வைத்து, இரண்டு வரியை அடித்தார்.

"அடிச்சா பத்தாது. காருக்குத் தண்ணி எடுக்க எறங்கினாரு, எஞ்சின் சத்தத்துல கூப்பிட்டது கேக்கல. அத எழுதச் சொல்லுங்க."

அவர் எழுதினார். டக்ளஸை வாசித்துக் காட்டச் சொல்லி அகதா இரண்டு தடவை கேட்டாள். பிறகுதான் பேனாவை வாங்கினாள். கால்வாய்த் தண்ணீர் கையில் வடிந்துகொண்டிருந்தது. போட்ட கையெழுத்து மை பரவிக் கலங்கிவிட்டது.

பரவாயில்லை, இதுவே போதும் என்றான் சன்னாசி.

அகதா முந்தானையில் கையை விரல் விரலாகத் துடைத்தாள். வேறு தாளில் முதலிலிருந்து எழுதித் தரச் சொல்லிவிட்டு, வெயிலில் நின்று காத்திருந்தாள்.