பதினேழாம் நம்பர் செட்

ஜெயகிருஷ்ணனின் சென்ட் வாசனை வந்தாலே வேண்டாவுக்குக் குமட்டியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர விடுதியொன்றின் கண்ட்ரோல் ரூமில் அவளுக்கு வேலை. அவர் அங்கே மேனேஜர். இன்று அந்த அறையில் இன்ஸ்பெக்டருக்கு இளநீர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தார். கடல் ஓர் உயிரைக் கொண்டுபோய் இரண்டு நாள்கூட ஆகவில்லை, மனுஷனுக்குச் சிரிப்பு எப்படித்தான் வருகிறதோ!

விடுதியில் இருபத்திரண்டு வாக்கி-டாக்கி. யார் பட்டனை அமுக்கினாலும் அந்த செட்டின் நம்பரும் பெயரும் வேண்டாவின் திரையில் வந்துவிடும். அங்கிருந்தே ஒரு செட்டை முடக்கவும் முடியும். முடக்கினால் அது பேசாது, கேட்காது, வெறும் பிளாஸ்டிக் கட்டை. திருடுபோன செட்டுக்காக வைத்த வசதி அது.

பதினேழு, கடற்கரையில் நிற்கும் லைஃப்கார்டு திருநாவுக்கரசின் நம்பர். முந்தாநாள் மூன்றரை மணிக்கு எல்லா செட்டிலும் அவர் குரல் கேட்டது.

"அலை சரியில்ல சார். போட்டோ எடுக்கறவங்கள எறக்கவாணாம். சொன்னா கேக்க மாட்டேங்கறாங்கோ."

கடலில் போட்டோ எடுக்க வந்திருந்த கல்யாண வீட்டாரிடமும் ஒரு செட் இருந்தது. அவர்கள் முகம் சுளித்தார்களாம். ஜெயகிருஷ்ணன் நேராகக் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார்.

"கெஸ்ட் காதுல விழற மாதிரி என்ன பேச்சு இது? பதினேழை ஆஃப் பண்ணு."

"அவரு பீச்சாண்ட தனியா கீறாரு சார்."

"பண்ணுன்னு சொன்னேன்."

பண்ணினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் விரலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அரைமணி கழித்து இரண்டு பேரை அலை இழுத்தது. படகு கேட்டுத் திருநாவுக்கரசு பட்டனை அமுக்கோ அமுக்கு என்று அமுக்கியிருக்கிறார். ஒன்றும் நடக்காமல், செட்டை மணலில் வீசிவிட்டு நீந்தினார். ஒரு பெண்ணை இழுத்து வந்தார். மாப்பிள்ளையின் தம்பி மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் பிணமாக ஒதுங்கினான்.

கூச்சல் கேட்டதும் ஜெயகிருஷ்ணன் கடற்கரைக்கு ஓடவில்லை. கண்ட்ரோல் ரூமுக்குத்தான் ஓடி வந்தார், பதினேழை ஆன் பண்ணச் சொல்ல. சீ, இதுவும் ஒரு பிறவியா?

இப்போது அதே செட்டை அவர் இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்.

"நல்லா வேலை செய்யுது சார், பாருங்க."

பட்டனை அமுக்கி "ஹலோ" என்றார். வேண்டாவின் திரையில் திருநாவுக்கரசு என்று பெயர் வந்தது.

"ஆளு அசந்துட்டான் சார். கூப்பிடவே இல்ல."

வாசலோரம் நின்றிருந்த திருநாவுக்கரசு தலைநிமிரவில்லை.

"கூப்ட்டேன் சார். செட்டு செத்துக் கெடந்துச்சு."

அன்றிலிருந்து இதையேதான் சொல்கிறார், நம்பத்தான் ஆளில்லை.

"ஸ்டேஷனுக்கு வந்து சொல்லு" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். வழக்கு திருநாவுக்கரசுமேல்தான் என்பது முடிவான மாதிரி இருந்தது.

வேண்டா திரைப்பக்கம் திரும்பினாள். திரையில் பதினேழைத் தொட்டாள். அன்று தொட்ட அதே இடத்தை அமுக்கினாள்.

"சார், மேனேஜர அந்த செட்டுல இன்னொருவாட்டி பேசச் சொல்லுங்க."

ஜெயகிருஷ்ணன் அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். கையில் தட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

வேண்டா திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கும் இப்டித்தான் சார் கெடந்துச்சு. எத்தினி மணிக்கு ஆஃப் பண்ணுனது, எத்தினி மணிக்கு ஆன் பண்ணுனது, எல்லாம் இதுல கீது. அமுக்குனது நானு, சொன்னது இவரு. எங்க ரெண்டு பேரையும் இட்டுகினு போங்க. அவர உட்ருங்க."