அண்ணனைத் தள்ளிய குத்து

எனக்குக் கால் குட்டை. டேக்வாண்டோவில் அது பெரிய சாபம். எதிரில் நிற்கிறவள் நெடுங்காலை நீட்டியே என்னைத் தள்ளி வைப்பாள். அதைத் தாண்டி உள்ளே நுழைந்தால் உதைக்க இடமிருக்காது, குத்தத்தான் வேண்டும். குத்துக்குப் புள்ளி லேசில் விழாது. உதையைக் கவசத்திலுள்ள கருவியே கணக்கெடுத்துவிடும். குத்தை மட்டும் மூலை நடுவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். வாங்கியவள் ஆடிப்போனால்தான் பொத்தானை அழுத்துவார்கள்.

அதனால் தினமும் என் அண்ணனுக்கு மார்புக் கவசத்தை மாட்டிவிட்டுக் குத்திப் பழகினேன். அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். வீட்டில் அவனுக்குப் பெயரே தூண்தான். ஆரம்பத்தில் நான் குத்தினால் கொட்டாவி விடுவான், கொசு கடிக்கிறது என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வெறியோடு குத்துவேன். சில மாதங்களில் ஓரடி பின்னால் போனான். அப்புறம் தள்ளாடினான். ஒருநாள் பீரோவில் போய் மோதினான். தூணையே சாய்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். உன் குத்தில் இன்னும் வலு ஏறவில்லை என்று பயிற்சியாளர் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாநில அணிக்கான தேர்வுப் போட்டியில், கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தேன். உள்ளே பாய்ந்து குத்தினேன். நடு நெஞ்சில்தான் விழுந்தது. அவள் இம்மிகூட அசையவில்லை. ஒரு நடுவரும் பொத்தானைத் தொடவில்லை. அணியில் என் இடம் போயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன்மேல் பாய்ந்தேன். தங்கச்சி சந்தோஷப்படட்டும் என்று இத்தனை நாள் நடித்திருக்கிறாய், உன் பாசத்தைக் குப்பையில் போடு என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நடிக்கல பாப்பா. கால் நிக்க மாட்டேங்குது."

கிடங்கில் அவனை மூட்டை தூக்க விடுவதில்லையாம், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட உட்கார வைத்துவிட்டார்களாம். தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். என் போட்டி முடியட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான் பாவி.

"முதல்ல உன் குத்துதான் தள்ளுதுன்னு நானும் நம்பினேன். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"



மறுநாள் காலையில் அவனே கவசத்தை மாட்டிக்கொண்டு, சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான்.

"அடுத்த வருஷமும் தேர்வு வரும்ல. இப்ப அடி. செவுரு என்னைப் புடிச்சுக்கும்."

பின்னங்காலை ஊன்றினேன். கை எழவில்லை. கிட்டே போய்க் கவசத்தின் வாரை அவிழ்த்தேன். அவன் நிற்க முடியாமல் என் தோளைப் பற்றினான். அந்தப் பெரிய உடம்பின் பாரம் மொத்தமும் என்மேல் இறங்கியது. நான் அழுதுகொண்டே, ஓரடிகூடப் பின்னால் போகாமல் நின்றேன்.