அறைவாசி

முதியோர் இல்லத்து அறைகளின் மணிக்கும் திரைக்கும் கணினி நிரல் எழுதுபவள் அவள். தொலைபேசியைக் காதில் வைத்தாள். இல்லத்துச் செவிலி அந்தப் பக்கம் மூச்சு வாங்கினாள்.

"ஏழாம் ரூம் அம்மாவுக்கு நேத்துலேர்ந்து மாத்திரை மணியே அடிக்கலக்கா. மணியை நம்பி நாங்களும் இருந்துட்டோம். மயங்கி விழுந்துட்டாங்க. நீங்க என்ன பண்ணீங்க?"

என்ன பண்ணினாள்? நிரலில் ஒரே ஒரு வரி எழுதினாள். அந்த அம்மாவின் கணவர் கண்மூடிய ஈரம் காயுமுன்னே, அறைத்திரை அவருக்கு 'நூறாண்டு வாழ்க' என்று பிறந்தநாள் வாழ்த்துப் பாடிவிட்டது. கேட்டவர்கள் வெலவெலத்துப் போனார்கள். அதை நிறுத்துங்கள் என்று இல்லத்தார் கெஞ்ச, இறந்தவருக்கு இனி எதுவும் வேண்டாம் என்று எழுதினாள். நல்லதைத்தான் செய்தாள், பாவம்.

எழுதிய இடம் அப்படி. நிரலில் ஒரு பொருளின் விவரத்தையும் அது செய்யும் வேலையையும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்கு கிளாஸ் என்று பெயர். இங்கே 'அறைவாசி' என்று ஒரு கிளாஸ். கட்டில், சாப்பாடு, மாத்திரை, விளக்கு, பிறந்தநாள் என்று சகலமும் அதன் தலையில்தான். தம்பதி ஓர் அறையில் இருந்தால் இருவருக்கும் ஒரே மூட்டை. அலுவலகத்தில் அதைப் பூதம் என்பார்கள். பிரித்துவிடலாமா என்று இவள் கேட்கும்போதெல்லாம், அதை எழுதிய சீனியர் சிரிப்பார்.

"எதுக்கும்மா? எல்லாம் ஒரே எடத்துல இருந்தா தேட வேணாம் பாரு. ஓடுற வண்டியக் கழட்டி ஊர் சிரிக்க வைக்காத."

அதிலும் நியாயம் இருந்தது. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துக் காட்டுவார். இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். கணவரின் பெயருக்கு உள்ளே, மடியில் உட்கார்ந்ததுபோல், மனைவியின் பெயர்.

"அய்யோ சார், அந்தம்மாவையும் சேத்து சாகடிச்சுட்டேன்."

சீனியர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணா வெச்சது நான்தாம்மா. அந்த வரியை எடுத்துட்டு ஓடு."

எடுத்தாள், இல்லத்துக்கு ஓடினாள். பயப்படாதீர்கள், உயிர் இருந்தது. உதடு காய்ந்து, தலையணையில் சாய்ந்திருந்தாள் அந்த அம்மா.

"நீதான் மிஷின்காரியா?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க."

"அவரு போனா நானும் போயிட்டேன்னு முடிவே பண்ணிடுச்சாக்கும். சொந்தக்காரங்களே ஒரு மாசம் டைம் குடுத்தாங்கடி."

மாத்திரை மணி அடித்தது. அப்பாடா என்று இவள் மூச்சு விடுவதற்குள், சுவரிலிருந்த திரை வழக்கம்போல் முதலில் கணவரைத்தான் அழைத்தது. 'ஐயா, மாத்திரை நேரம்.' வரியை எடுத்ததில் அவரும் எழுந்து வந்துவிட்டார்.

"அய்யோ, நிறுத்திடறேம்மா."

"இரு."

உள்ளங்கையில் மாத்திரை அப்படியே இருக்க, அந்த அம்மா எதிர்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறை மாற்றிய தலையணை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.