கையேடும் ஹெல்ப்பும்

லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டு மாடியில் நடந்த அந்தச் சின்னக் கம்பெனியில் தேவிப்ரியாவுக்கு ஒரே வேலை, கையேடு எழுதுவது. கம்பெனி விற்றதும் ஒரே ஒரு கருவிதான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் கோப்புகளை நகல் எடுக்கும், வேண்டாததைத் துடைக்கும். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்பது இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று தேவிப்ரியாவின் கையேடு. இன்னொன்று, ‘ஹெல்ப்’ என்று தட்டினால் கருவியே காட்டும் விளக்கம். அதை எழுதியவர் கருவியைக் கட்டிய வேலாயுதம், திருநெல்வேலிக்காரர். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் பிரியங்கா. லேக் மார்க்கெட் தமிழ்ப் பெண், ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவி. மழைக்காலம் வந்தால் சுந்தரவனச் சேற்றில் நின்று தவளைச் சத்தம் பதிவு செய்கிறவள். அந்தப் பதிவுகளை நகல் எடுக்கவும் துடைக்கவும் இந்தக் கருவியைத்தான் வாங்கி வைத்திருந்தாள்.

“தீதி, க்ளீன் கட்டளை குடுத்தா, அழிக்கறதுக்கு முன்னாடி நம்மளைக் கேக்கும்னு உங்க கையேடு சொல்லுது. கேக்காமலே அழிச்சிடும்னு ஹெல்ப் சொல்லுது. நான் எதை நம்பறது?” என்று போனில் கேட்டாள். வங்காளிகள் மாதிரி அவளும் அக்காவைத் தீதி என்பாள்.

தேவிப்ரியாவுக்கு மானமே போய்விட்டது. உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். அது கையேட்டையும் ஹெல்ப்பையும் வரிக்கு வரி ஒப்பிடும். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் சிவப்பு காட்டும், புதுப் பதிப்பு வெளியே போகாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தாள். கடைசியில் அந்த க்ளீன் வரி மட்டும் சிவப்பாக நின்றது. மறுநாளிலிருந்து பூஜை விடுமுறை. வேலாயுதத்தைப் போனில் பிடித்தபோது அவர் பூஜைப் பந்தல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

“அழிக்கறதுக்கு முன்னாடி கேக்குமா, கேக்காதா சார்?”

“அட, அது எந்தக் காலத்துல எழுதுனது! நெனவில்லம்மா. ஏதாவது ஒண்ண மாத்தி வையி. ரெண்டும் ஒண்ணாயிட்டா ஒன் செக்கிங் பாஸாயிரும்லா!”

கருவியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் கையா முறிந்துவிடும்? ஆனால் கையேட்டை எழுதியவள் அவளாயிற்றே. தன் வரி தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஹெல்ப்பையும் ‘கேட்கும்’ என்று திருத்தினாள். பச்சை வந்தது. அப்பாடா என்று புதுப் பதிப்பை வெளியிட்டு, முதல் ஆளாகப் பிரியங்காவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று பிரியங்கா கூப்பிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“டிஸ்க்ல இடமில்லைன்னு க்ளீன் குடுத்தேன் தீதி. எதை அழிக்கணும்னு கேக்கும்னு இருந்தேன். அது கேக்கவே இல்லை. இந்த வருஷ மழைக்காலப் பதிவு மொத்தமும் போயிடுச்சு.”

“வேற காப்பி?”

“முன்னாடின்னா ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் க்ளீன் பக்கமே போவேன். கையேடு ஒண்ணு சொல்லும், ஹெல்ப் ஒண்ணு சொல்லும், அந்த பயம். இந்தத் தடவை ரெண்டும் ஒரே மாதிரி சொல்லிச்சு. ரெண்டு பேர் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாங்கன்னு நம்பிட்டேன்.”

பழியைத் தூக்கி வேலாயுதத்தின் மேல் போடலாம். மாற்றச் சொன்னது அவர்தானே. வாய் வரைக்கும் வந்த பெயரைத் தேவிப்ரியா விழுங்கினாள்.

“ரெண்டு பேர் பாக்கலை பிரியங்கா. ஒருத்தர்கூடப் பாக்கலை” என்றாள்.