எதிர் நாற்காலி குறித்த முன்மொழிவு

எங்கள் அலுவலகத்தில் ஒருவரோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டுமென்றால் முன்மொழிவு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அவரவர் இஷ்டத்துக்கு உட்கார்ந்தால் கேன்டீன் என்னத்துக்கு ஆகும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கேன்டீனில் என் பதினேழாம் மேசைக்கு இரண்டு நாற்காலிகள். எதிர் நாற்காலியில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. டிபன் பாக்ஸின் மேலடுக்கில் இன்னொருவருக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுபோவேன். சாயங்காலம் அதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து நானே தின்பேன். ஆறிப்போன வறுவலைத் தின்னும்போது அழுகை வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் முன்மொழிவு பதினோரு பக்கம். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்பதில்லை என்பதுகூட ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

ஒப்புதல் குழுவின் அறைக்குப் போகும் நடைபாதை, கையிலுள்ள காகிதத்தைப் பொறுத்து நீளும். பக்கத்துக்கு ஒரு மைல். எட்டாவது மைலில் செருப்பு அறுந்தது. திரும்பிவிட்டேன். திரும்பும் வழி பத்தடிதான்.

அதனால் முன்மொழிவு எழுதும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவர் திலோத்தமா மேடம். வகுப்பில் நான் ஒருவன்தான். ஆனாலும் மைக்கில்தான் பேசினார்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?”

“நான் மட்டும்தான் மேடம் இருக்கேன்.”

“கேள்வியெல்லாம் கடைசில.”

பதினோரு பக்கங்களையும் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“கமிட்டிக்கு உங்களைத் தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“அப்ப உங்களப் பத்தின வரியெல்லாம் எடுத்துடுங்க. பிரச்சினைய ஒரு வரில சொல்லுங்க. கம்பெனிக்கு என்ன லாபம்னு ஒரு வரி. தீர்வை அவங்களே முடிவு பண்ணட்டும். அவங்களுக்கும் வேலை வேணுமில்ல.”

எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனது. வறுவல் போனது. அழுகையும் போனது. கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. ‘பதினேழாம் மேசையின் எதிர் நாற்காலி ஒன்பது வருடங்களாகக் காலியாக உள்ளது. சரிசெய்தால் இடம் வீணாகாது.’

மேடம் மைக்கைக் கீழே வைத்தார்.

“அருமை,” என்றார்.

இந்த அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழுத் தலைவர் தணிகாசலம் மதியம் பன்னிரண்டுக்கு மேல் பீரோவாகிவிடுவார். நடைபாதை இந்த முறை குட்டையாகத்தான் இருந்தது, ஆனாலும் ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. பீரோவின் கதவிடுக்கில் காகிதத்தைச் செருகினேன். உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது.

“நீங்களே எழுதினதா?” என்றது பீரோ.

“ஆமா சார்.”

“ஒன்பது வருஷமா கண்டுக்காம விட்டிருக்கோமே. மனசே கேக்கல. நாளைக்கே சரி பண்ணிடறோம்.”

குரல் தழுதழுத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினேன்.

மறுநாள் என் மேசைக்கு எதிரே நாற்காலி இல்லை. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. சுவரில் என் இரண்டு வரிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மேலே ‘மாதிரி முன்மொழிவு’ என்று எழுதியிருந்தது.

நான் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் திலோத்தமா மேடம் நாற்பது பேரை அழைத்துவந்துவிட்டார். எல்லோரும் நோட்டுப் புத்தகத்தோடு என் மேசையைச் சுற்றி நின்றார்கள். இவ்வளவு பேர் என் பக்கத்தில் நின்றதே இல்லை. ஒரு பெண் குனிந்து மோந்து பார்த்தார்.

“வறுவல் வாசமா இருக்கு சார்.”

“உங்களுக்கும் சேத்துதான் கொண்டாந்தேன். உக்காருங்க.”

அவர் தரையிலிருந்த தடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“எதுல சார்?” என்றார்.

மேலடுக்கைத் திறந்தேன். வறுவல் இன்னும் ஆறவில்லை. நானே தின்றேன். நாற்பது பேரும் குறித்துக்கொண்டார்கள்.